மேகம் மாறிய மேல்வரிசை

மச்சானின் மேல்வரிசைப் பற்கள் மேகத்தில் பத்திரமாக இருக்கின்றன என்பதில் பல்செட்காரருக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை. அவை அங்கிருந்து இறங்கி வருமா என்று அவர் யோசித்ததும் இல்லை. ஒருவரை நம்பிக் கொடுத்து வைத்த பொருள் திரும்பக் கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்பது அவ்வளவு நாகரிகம் இல்லை என்று நினைக்கிற மனிதர் அவர்.

பல் மருத்துவமனைக்கு நேர் எதிரே, இரண்டு அறைகள் கொண்ட கடை அவருடையது. ஒரு காலத்தில் அந்தக் கடையின் சுவர்கள் நெடுக, தரையிலிருந்து கூரைவரை, பிளாஸ்டர் அச்சுகள் அடுக்கியிருந்தன. ஊரிலுள்ள பல் போனவர்கள் எல்லாரும் அந்த அலமாரிகளில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளை மேகத்தின் விற்பனையாளர் முதல்முதலாக உள்ளே வந்தபோது ஒரு நிமிடம் அப்படியே நின்றுவிட்டார்.

"அண்ணே, இத்தனை வாயை எதுக்குத் திறந்து வெச்சிருக்கீங்க? எங்ககிட்ட குடுங்க. நாங்க மூடி வெக்கறோம்."

நிறுவனத்துக்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. பலகை வெள்ளையாக இருந்ததால் எல்லாருக்கும் அது வெள்ளை மேகம். தரவுகளை எங்கோ தூரத்துக் கட்டடத்தில் வைத்துக் காப்பாற்றுவார்களாம். கணினியைத் திறந்தால் கைக்கு வந்துவிடுமாம். பல்செட்காரர் ஒவ்வோர் அச்சாக ஸ்கேனரில் வைத்து மேலே ஏற்றினார். ஏற்றி முடித்த அச்சுகளை அவர் மனைவி பள்ளம் நிரப்புவதற்கென்று கேட்டுவந்த கொத்தனாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். ஊரின் பாதி வாய்கள் இப்போது தபால் அலுவலகத்துப் பின்சுவரின் அஸ்திவாரத்தில் இருக்கின்றன.

எதிர் மருத்துவமனையில் பல் அச்சிடும் இயந்திரம் இருந்தது. இவர் இங்கே கணினியில் வடிவத்தைச் சரிசெய்தால் அங்கே அது பல்லாக வெளியே வரும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு மருத்துவமனை, காரணம் என்னவென்று இன்றுவரை தெரியாது, போட்டி நிறுவனமான நீல மேகத்துக்கு மாறியது. அந்த வாரமே மச்சான் தும்மினார்.

மச்சான் என்றால் பல்செட்காரரின் மனைவிக்கு அண்ணன். நகர பேண்டு குழுவில் முதல் கிளாரினெட். ஒத்திகைக் கூடத்தின் மாடிப்படியில் நின்று அவர் தும்மியபோது மேல்வரிசை வெளியே பறந்து, ஒவ்வொரு படியாக நிதானமாக இறங்கி, தெருவுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அப்போது ஒரு சைக்கிள் வந்தது.

புதிதாக ஒரு வாயை அளந்து பல் கட்டுவது பெரிய காரியமில்லை. ஆனால் மச்சானுடைய மேல்வரிசை வெறும் பல்செட் இல்லை. கிளாரினெட்டின் வாய்ப்பகுதி போய் உட்காருவதற்கென்று வலப்பக்க முன்பல்லில் ஒரு சரிவு உண்டு. ஒரு மழைக்காலம் முழுக்க, இவர் ராவுவதும் அவர் ஊதிப் பார்ப்பதும், மறுபடி இவர் ராவுவதுமாக, அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வரும்வரை உழைத்துக் கண்டுபிடித்த சரிவு அது. புது பேண்டு மாஸ்டர் வந்திருந்தார். வாரக் கடைசியில் எல்லாரையும் ஊத வைத்துக் கேட்டு, யார் குழுவில் இருப்பது, யார் வீட்டுக்குப் போவது என்று முடிவு செய்யப்போகிறார். இன்னொரு மழைக்காலத்துக்கு நேரமில்லை.

"மாப்ளே, அந்தப் பல்லு உங்ககிட்டதானே இருக்கு?" என்றார் மச்சான். பல் இல்லாமல் பேசியதில் எல்லாச் சொல்லும் காற்றோடு வந்தது.

"என்கிட்ட இல்ல மச்சான். ஆனா பத்திரமா இருக்கு."

"உங்ககிட்ட இல்லாம எப்படிப் பத்திரமா இருக்கும்?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள். பல்செட்காரர் சட்டையை மாட்டிக்கொண்டார். வெள்ளை மேகத்தின் கிளை அலுவலகத்துக்குப் புறப்பட்டார்.

கிளை அலுவலகத்தின் வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'உங்கள் தரவு உங்களுடையதே. எப்போது வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம்.' உள்ளே சேருவதற்கு ஆறேழு ஜன்னல்கள். வெளியேறுவதற்கு ஒரே ஓர் அறை, 'பிரியாவிடைப் பிரிவு'. மெத்தை வைத்த நாற்காலி, மங்கலான விளக்கு, மேசைமேல் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் காகிதக் கைக்குட்டைகள். பிரியாவிடை அலுவலர் எழுந்து நின்று வரவேற்றார். கனிவான முகமுள்ள அம்மாள்.

"உக்காருங்க சார். தண்ணி குடிக்கறீங்களா? போறதுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?"

"நான் எங்கேயும் போகலைங்க. ஒரே ஒரு பல்செட்டை என் கடைக்கு எதிர்க்க இருக்கிற கிளினிக்குக்கு அனுப்பணும், அவ்வளவுதான்."

"எல்லாரும் முதல்ல ஒண்ணுதான்னு சொல்வாங்க." அம்மாள் பெருமூச்சு விட்டார். "எவ்வளவு தூரம்?"

"ரோட்டைத் தாண்டினா வந்துரும். கடையிலேருந்து கூப்பிட்டா அங்கே கேக்கும்."

"தூரம் பிரச்சினையே இல்ல சார். அவங்க..." என்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டார், "நீலம்."

பல்செட்காரர் தன்னையறியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாங்க என்ன குறை வெச்சோம்?"

"ஐயோ, ஒரு குறையும் இல்லைங்க."

"குறை இல்லேன்னா வெளியேற்றம் பதிவாகாது. காரணம்ங்கிற இடம் காலியா இருக்கக் கூடாது."

"சரி, ஒரு குறை இருக்குன்னு வெச்சுக்குங்களேன்."

"குறை இருந்தா அதை நாங்க சரி பண்ணியே ஆகணும் சார். அதுதான் எங்க கொள்கை. சரி பண்ணினப்புறம் குறை இருக்காது. அப்புறம் எதுக்குப் போறீங்க?"

இதில் ஏதோ ஓர் இடத்தில் தப்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. எந்த இடம் என்று சொல்லத்தான் தெரியவில்லை. அவர் முழிப்பதைப் பார்த்த அம்மாள் மேலாளரை அழைத்தார். மேலாளர் வந்ததும் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்து, அவர் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"ஐயா, எங்க கதவு எப்பவுமே திறந்திருக்கும். போட்டிக்காரங்க மாதிரி பூட்டு கீட்டு எதுவும் கிடையாது. அவ்வளவு சுதந்திரம். இந்தப் பிரிவு ஆரம்பிச்ச நாளிலேருந்து ஒருத்தர்கூட இந்த வழியா வெளியே போனதில்ல. அவ்வளவு திருப்தி. நீங்க போனா, சொல்லப்போனா, எங்க கணக்கே கெட்டுப்போகும். ஆனாலும் தடுக்க மாட்டோம். தடுக்கறது எங்க பழக்கமில்ல. காத்திருக்கச் சொல்லுவோம், அவ்வளவுதான்."

காத்திருந்தார். 'மனம் மாற வாய்ப்பளிக்கும் இடைவேளை' என்று அதற்குப் பெயராம். மனம் மாறவில்லை, பசி மட்டும் வந்தது. கடைசியில் அவர்களுக்கே சலித்துப்போய், மேல்வரிசையைத் 'திறந்த வடிவத்தில்' எடுத்துக் கொடுத்தார்கள்.

"திறந்த வடிவம்னா?"

"யார் வேணாலும் திறக்கலாம் சார்," என்றார் அம்மாள், கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டே. "உள்ளே என்ன இருக்குன்னு புரிஞ்சுக்கத்தான் நாங்க வேணும்."

மருத்துவமனையில் பல் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி அந்தக் கோப்பை வாங்கி நீல மேகத்தில் ஏற்றினாள். நீல மேகம் மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. திரையில் 'நல்வரவு' என்று வந்தது. மச்சான் மருத்துவமனை வராந்தாவில் கிளாரினெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் அவள் கடை வாசலுக்கே ஓடிவந்தாள். "அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்க. பல்லு இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

இயந்திரத்தின் தட்டு நிறைய ஒரே ஒரு கடைவாய்ப்பல் உட்கார்ந்திருந்தது. செங்கல் அளவு. வெள்ளை மேகம் எண்களை மட்டும் கொடுக்குமாம், அது மில்லிமீட்டரா அங்குலமா என்று சொல்லாதாம்; அதைச் சொல்வது தொழில் ரகசியமாம். நீல மேகத்துக்கு அங்குலம்தான் பழக்கம்.

நீல மேகத்தின் உதவி எண்ணுக்குப் பேசினார்கள்.

"பல் வந்துச்சா சார்?"

"வந்துச்சு."

"முழுசா வந்துச்சா?"

"ரொம்ப முழுசா வந்துச்சு."

"அப்போ எங்க பக்கம் எல்லாம் சரி. வேற ஏதாவது உதவி வேணுமா?"

அந்தப் பெண்மணியே அளவை மாற்றிப் போட்டு மறுபடி அச்சிட்டாள். இந்தத் தடவை மனுஷன் வாய்க்கு ஏற்ற அளவில், பளபளவென்று, மேல்வரிசை வந்தது. பல்செட்காரருக்கு உயிர் வந்தது. மச்சான் வாங்கி வாயில் போட்டார். முகத்தைச் சுளித்தார். கிளாரினெட்டை எடுத்து ஊதினார். எண்ணெய் காணாத கதவைத் திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வராந்தாவில் காத்திருந்த நோயாளிகளில் இருவர் வலி குறைந்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போய்விட்டார்கள்.

வலப்பக்கச் சரிவு இடப்பக்கம் வந்திருந்தது. சுவரிலிருந்த கண்ணாடியின் முன் மச்சானை நிறுத்திப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது, கண்ணாடிக்குள்ளே இருந்தவருக்கு.

"திருப்பிப் போட முடியாதாம்மா?" என்றார் பல்செட்காரர்.

"திருப்பித்தாண்ணா போட்டேன். சேமிச்சதும் அதுவா மறுபடி திருப்பிக்குது. வெள்ளையிலேருந்து எது வந்தாலும் ஒருதரம் திருப்பிக்கணும்னு நீலத்துல விதி இருக்காம்."

வெள்ளை மேகத்தைக் கேட்டால், நாங்கள் பல்லை டாக்டர் நிற்கும் பக்கமிருந்து எண்ணுகிறோம், அதுதான் முறை என்றார்கள். நீல மேகத்தைக் கேட்டால், நாங்கள் நோயாளி உட்கார்ந்திருக்கும் பக்கமிருந்து எண்ணுகிறோம், அதுதான் மனிதநேயம் என்றார்கள். இரண்டு பேரும் மற்றவர் மீது துளிகூடக் குறை சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போகச் சொன்னார்கள்: மேகங்களுக்கிடையிலான நல்லிணக்கப் பேரவை.

மனைவி கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள், "நல்லிணக்கம் இருந்தா பேரவை எதுக்குங்க?"

"நீ சும்மா இரு. பெரியவங்க நல்லது பண்ணத்தான் உக்காந்திருக்காங்க."

"உக்காந்திருக்காங்க, சரி."

பேரவை கூடும் நாளும் பேண்டு மாஸ்டர் கேட்கும் நாளும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. காலையில் பேரவை, மத்தியானம் பேண்டு. காலையிலேயே முடிந்துவிடும், பல்லோடு நேரே ஒத்திகைக் கூடத்துக்குப் போய்விடலாம் என்று பல்செட்காரர் மச்சானைத் தேற்றி அழைத்துப் போனார்.

பேரவை மண்டபத்தில் நீண்ட மேசை. பாதிக்கு வெள்ளைத் துணி, பாதிக்கு நீலத் துணி. இரண்டும் சேருகிற இடத்தில் துணி இல்லாத ஒரு சாண் மரம். தலைவர் அங்கே உட்கார்ந்திருந்தார். அவருடைய கோட்டின் ஒரு கை வெள்ளை, மறு கை நீலம்.

எந்தக் கூட்டமானாலும் முதலில் இடமாற்றச் சடங்கு நடக்க வேண்டுமாம். மணி அடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். வெள்ளைப் பிரதிநிதி ஒரு பொத்தானை அழுத்தி, "சென்றது" என்றார். மண்டபம் மூச்சை அடக்கிக்கொண்டது. நீலப் பிரதிநிதி தன் திரையை உற்றுப் பார்த்து, "வந்தது" என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. யாரோ ஒருவர் விசில்கூட அடித்தார்.

பல்செட்காரருக்கு நம்பிக்கை பொங்கியது. பக்கத்திலிருந்த குமாஸ்தாவிடம் மெதுவாகக் கேட்டார், "என்னங்க அனுப்பினாங்க?"

"கோப்பு."

"அதுக்குள்ள?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லியா?"

கேள்வி தலைவர் காதில் விழுந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார்.

"நல்ல கேள்வி. பேரவை தொடங்கிய நாளிலிருந்து நாம் அனுப்பி வருவது வெற்றுக் கோப்பு. ஏன் வெற்று? உள்ளடக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குப் பல், இன்னொருவருக்குப் பாட்டு. மாறுகிற ஒன்றை வைத்துத் தரநிலை வகுக்க முடியுமா? அனைவருக்கும் பொதுவானது எது என்று அறிஞர் குழு ஆராய்ந்தது. எதுவும் இல்லாமைதான் பொது என்று கண்டது. அந்த எதுவுமில்லாமையை இரண்டு மேகங்களுக்கும் இடையே ஒரு குறையும் இன்றி நாம் கொண்டு சேர்க்கிறோம். உலகில் வேறெவரும் இந்த அளவு துல்லியத்தை எட்டவில்லை. உள்ளடக்கம் வந்ததும்தான் சிக்கல் வருகிறது. ஆகவே சிக்கல் எங்களிடம் இல்லை, உள்ளடக்கத்திடம் இருக்கிறது."

மறுபடி கைதட்டல். பல்செட்காரரும் தட்டினார். எல்லாரும் தட்டும்போது தான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதல்லவா.

பிறகு மேல்வரிசையை ஒரு தட்டில் வைத்து மேசை நெடுகக் கொண்டுபோனார்கள். வெள்ளைத் துணிக்காரர்கள் ஒருபக்கமாகவும் நீலத் துணிக்காரர்கள் மறுபக்கமாகவும் பார்த்தார்கள். எண்ணினார்கள். புறப்பட்ட பற்களும் வந்துசேர்ந்த பற்களும் எண்ணிக்கையில் சமம். பற்களின் நிறம் வெள்ளையாக இருப்பது பாரபட்சமா என்று நீலத் தரப்பு ஒரு சந்தேகத்தை எழுப்பியது. அதை ஆராயக் குழு போட்டார்கள். அந்தக் குழு தேநீர் குடிக்கப் போனது.

"மாப்ளே," என்று மச்சான் காதோடு சொன்னார், "அங்க ஆரம்பிச்சிருப்பாங்க."

"இதோ முடிஞ்சிரும் மச்சான். தீர்ப்பு எழுதறாங்க பாருங்க."

தீர்ப்பு வந்தது. தலைவர் நின்றுகொண்டு படித்தார்: "பற்களைப் பேரவை முழுமையாகப் பரிசீலித்தது. அவை வெள்ளையின் தரநிலைக்கும் உட்பட்டவை, நீலத்தின் தரநிலைக்கும் உட்பட்டவை. வாய்தான் எந்தத் தரநிலைக்கும் உட்படவில்லை. வாயின் உரிமையாளர் அதைப் புதுப்பித்துக்கொள்ளுமாறு பேரவை அன்புடன் பரிந்துரைக்கிறது."

மச்சான் தட்டிலிருந்த பற்களை எடுத்துத் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு ஒத்திகைக் கூடத்துக்கு ஓடினார். பல்செட்காரர் பின்னால் ஓடினார். பேண்டு மாஸ்டர் கடைசி ஆளாக அவரை அனுமதித்தார். மச்சான் கிளாரினெட்டை வாயின் இடப்பக்கம் வைத்தார், வலப்பக்கம் வைத்தார், கழுத்தைச் சாய்த்துப் பார்த்தார். அன்று மருத்துவமனை வராந்தாவில் கேட்ட அதே கதவு இங்கேயும் திறந்தது. பேண்டு மாஸ்டர் நல்ல மனிதர். கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு முதல் கிளாரினெட்டின் இடத்தை மருந்துக்கடைக்காரரின் மருமகனுக்குக் கொடுத்தார்.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. கிளாரினெட் பெட்டி மூலையில் கிடந்தது. வழக்கமாகக் கடையை மூடுகிற நேரத்தில் மச்சான் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ஊதுவார். இவர் அதற்கேற்றபடி ராவிக்கொண்டிருப்பார். இப்போது அரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அது தனியாகக் கேட்க நன்றாக இல்லை.

"உங்களை நம்பினேன் பாருங்க," என்றார் மச்சான். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பல்செட்காரருக்கு.

மனைவிதான் கேட்டாள், "ஏங்க, வெள்ளை மேகம் வெச்சிருக்கிற கிளினிக்கே ஊர் உலகத்துல இல்லியா?"

"இருக்கு. மலைக்கு அந்தப் பக்கம். ஆனா அங்கே..."

"அங்கே கேட்டா பல்லு ஒழுங்கா இறங்குமா?"

"இறங்கும். அவங்க வெள்ளைதானே. ஆனா நம்ம ஊருக்கு அனுப்பறதுன்னா..."

"பல்லு இங்கே வரமாட்டேங்குது. எங்கண்ணன் அங்கே போகக் கூடாதுன்னு ஏதாவது விதி இருக்கா?"

பல்செட்காரர் விதிகளை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அப்படி எதுவும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் மூவரும் போனார்கள். வளைந்து வளைந்து ஏறுகிற பாதை. மச்சான் பாதி தூரம் பேசாமல் வந்தார். மீதி தூரம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தார். அந்த ஊர் மருத்துவமனையில் பேரைச் சொன்னார்கள். திரையில் மேல்வரிசை வந்தது. இயந்திரம் ஓடியது. பல் வந்தது. ஒருவரும் மணி அடிக்கவில்லை.

மச்சான் அதை வாயில் போட்டதும் அவர் முகம் மாறியதைப் பல்செட்காரர் பார்த்தார். வெளியே வந்து, மருத்துவமனைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, பெட்டியைத் திறந்து ஊத ஆரம்பித்தார். இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. காய்கறி வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார். ஒரு போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். எதிர்க்கட்டடத்தின் மாடியிலிருந்து ஒருவர் செருப்புகூட இல்லாமல் இறங்கி வந்தார். அந்த ஊர் பேண்டு குழுவின் மாஸ்டர். அவருடைய முதல் கிளாரினெட் ஓய்வு பெற்றுப் பல காலமாகி, இடம் காலியாகவே கிடந்தது.

"தங்கறதுக்கு மாடியில ரூம் இருக்குங்க," என்றார் அவர். "பல்லுல ஏதாவது ஒண்ணுன்னாலும் கிளினிக் எதிர்க்கவே இருக்கு."

திரும்பும்போது பஸ்ஸில் ஒரு இடம் காலி. மனைவி அதில் பையை வைத்தாள். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பேரவைக்கு இந்தச் செய்தி எப்படியோ எட்டிவிட்டது. ஆண்டு விழாவுக்கு மேடை போட்டுப் பல்செட்காரரைக் கூப்பிட்டார்கள். மனைவி வர மறுத்து, பிறகு என்னதான் சொல்கிறார்கள் என்று பார்க்க வந்தாள். அவருக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். இரண்டு நிறத்திலும் ரிப்பன் கட்டியிருந்தது. தலைவர் உருகிப்போய்ப் பேசினார்.

"நம் பேரவையின் வரலாற்றில் முதல் முழுமையான இடமாற்றம் இது. தரவு வாடிக்கையாளரிடம் வர வேண்டும் என்று குறுகிய மனத்தோடு எண்ணியிருந்தோம். வாடிக்கையாளர் தரவிடம் போனால் என்ன? தூரம் அதேதான். ஆகவே இனி அதையே தரநிலையாக ஏற்கிறோம். எங்கள் தொழில்நுட்பத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் இந்தச் சாதனையை நிகழ்த்தியிருக்கிறோம். இதற்காக இரண்டு மேகங்களையும் பாராட்டுகிறேன். ஐயா, இடமாற்றத்தில் ஏதேனும் இழப்பு உண்டா?"

மைக்கைப் பல்செட்காரர் வாயருகே கொண்டுவந்தார்கள். அவர் கூச்சத்தோடு, "பல்லு நல்லபடியா இருக்குங்க. மச்சான்தான் அங்கேயே தங்கிட்டார்," என்றார்.

"தங்கியிருக்கிறார்! கேட்டீர்களா? அந்த அளவுக்கு நிலைத்தன்மை!"

வெள்ளையும் நீலமும் எழுந்து நின்று கைதட்டின. சத்தம் சற்று அடங்கியதும் பல்செட்காரர் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டார், "ஐயா, அவரைத் திரும்பக் கொண்டுவர ஏதாவது வழி இருக்கா?"

தலைவர் வெள்ளைப் பக்கம் பார்த்தார். பிறகு நீலப் பக்கம் பார்த்தார். இரண்டு பக்கத்தாரும் அவரைப் பார்த்தார்கள்.

"போவதற்குத்தான் தரநிலை வகுத்திருக்கிறோம். திரும்புவதற்குத் தனிக் குழு அமைக்க வேண்டும். முதலில் வெற்று மச்சான் ஒருவரை வைத்துச் சோதித்துப் பார்ப்போம்," என்றார்.

மனைவி மேடையேறி, கேடயத்தைக் கணவர் கையிலிருந்து வாங்கி நாற்காலியிலேயே வைத்துவிட்டு, அவரை முழங்கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தாள்.

"நீங்க அனுப்பச் சொன்னது பல்லை," என்றாள் படியிறங்கும்போது. "போய்ச் சேந்தது எங்கண்ணன். வாங்க, ஞாயித்துக்கிழமை கச்சேரியாம், முன்வரிசையில ரெண்டு இடம் பிடிச்சு வெக்கறேன்னு அண்ணன் சொல்லியிருக்கு."